எழுத்துப்பிழை உட்பட

மணிமொழி கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் கல்லூரியில் புள்ளியியல் நடத்திக்கொண்டிருந்தாள். பாடப்புத்தகத்துக் கணக்குகள் பிள்ளைகளுக்கு ஒட்டவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளிமலைக்குப் பஸ் ஏறிப் போய், மரவள்ளி போட்டவர்களிடம் யார் யாருக்கு எவ்வளவு விளைந்தது என்று கேட்டுவந்தாள். அதை வைத்தே சராசரி, இடைநிலை, விலக்கம் எல்லாவற்றுக்கும் ஸ்லைடு செய்து, கல்லூரியின் இணைய வகுப்பில் ஏற்றினாள். பிள்ளைகள் போனில் பார்த்துப் படித்தார்கள். மலைப் பிள்ளைகள் அந்தப் பாடத்தில் மட்டும் தேறினார்கள்.

அடுத்த வருடம் சேர்க்கை குறைந்தது. தற்காலிக ஆசிரியர்களில் முதலில் அவளைத்தான் நிறுத்தினார்கள். அன்று சாயங்காலமே இணைய வகுப்புக்குள் அவளால் நுழைய முடியவில்லை. பாடங்கள் மட்டும் உள்ளேயே இருந்தன.

அவளுடைய வகுப்புகள் சிவசங்கருக்குப் போயின. அவளுக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்த பையன். ஒருநாள் போன் செய்தான்.

"அக்கா, உங்க பாடத்த அப்படியே இந்த வருசத்துக்கு எடுத்துக்கினேன். ஆபீஸ்லயே அப்படித்தான் பண்ணச் சொன்னாங்க."

"பேரு?"

"அதுல என் பேருதான் வருதுக்கா. தானா மாறிடுது."

பிள்ளைகளுக்குப் பயன்பட்டால் சரி என்று சொல்லி வைத்துவிட்டாள். அப்படித்தான் நினைக்க வேண்டும் என்று தனக்கும் சொல்லிக்கொண்டாள்.

அடுத்த ஜூனில் உளுந்தூர்பேட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் நேர்காணல். மாதிரி வகுப்பு எடுக்கச் சொன்னார்கள். தன் பென் டிரைவைச் செருகி மரவள்ளியிலிருந்து ஆரம்பித்தாள். துறைத் தலைவர் நாராயணசாமி கையைக் காட்டி நிறுத்தினார்.

"இது யாரு பண்ணதுங்க மேடம்?"

"நான்தான் சார்."

அவர் மகள் அந்தப் பழைய கல்லூரியில்தான் படிக்கிறாளாம். தன் போனைத் திருப்பிக் காட்டினார். அதே ஸ்லைடு. கீழே சிவசங்கர், உதவிப் பேராசிரியர் என்று இருந்தது.

"இங்க பாருங்க. சராசரின்றத சாரசரின்னு போட்டிருக்கு. உங்களுதுலயும் அதே சாரசரி. எடுக்கறதுதான் எடுக்கறீங்க, தப்பையாவது திருத்திக்கினு எடுக்கக்கூடாதா?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தப் பிழை அதுவரை மணிமொழியின் கண்ணில் பட்டதே இல்லை.

"சார், அது என் தப்புதான். நான் பண்ண தப்பு. அவரையே கேளுங்க" என்று சிவசங்கரை அழைத்து ஸ்பீக்கரில் போட்டாள். அந்தப் பாடத்தை யார் செய்தது என்று நாராயணசாமியே கேட்டார்.

"அது காலேஜ் பாடங்க சார். எல்லாரும் சேந்து பண்ணது."

நாராயணசாமி போனை அவள் பக்கம் தள்ளினார். "நீங்க போலாங்க மேடம்."

பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது சிவசங்கர் திரும்ப அழைத்தான். "பிரின்சிபால் பக்கத்துலயே இருந்தாருக்கா. நான் இன்னா பண்ணட்டும்?"

"நீ இன்னா பண்ணுவ. வையி."

வீட்டில் அம்மா ரங்கம்மாள் அப்போதுதான் கரும்புக்குக் களையெடுத்துவிட்டு வந்து கை கழுவிக்கொண்டிருந்தாள்.

"இன்னா சொன்னாங்க?"

"எடம் ரொம்பிடுச்சாம்மா."

"உன்னாட்டம் படிச்சவங்க அவ்ளோ பேரா கீறாங்க?"

மணிமொழி துண்டை எடுத்து அம்மாவிடம் நீட்டினாள்.

இப்போது தியாகதுருகத்தில் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறாள். பள்ளியின் செயலிக்குப் பாடம் தயாரித்துத் தரச் சொன்னார்கள். எனக்கு அதெல்லாம் வராதுங்க என்று சொல்லிவிட்டாள். கரும்பலகையில்தான் எழுதுகிறாள். மணி அடித்ததும், பிள்ளைகள் எழுதி முடித்தார்களா என்றுகூடப் பார்க்காமல், தானே அழித்துவிட்டு வெளியே வருகிறாள்.