அரகார் மலையில் புதைத்த தண்ணீர்

காசிமிரோவின் பெயரை என் காதுபட யாரும் எடுக்கக் கூடாது என்று ஊரில் எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். இப்போது நானே எடுக்கிறேன், வேறு வழியில்லை. அந்த நாசமாய்ப் போனவன் இல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

அவன் எனக்கு யாரோ எவரோ இல்லை. என் மகள் நியேவெஸுக்கு ஞானத்தகப்பன். சின்ன வயதில் இரண்டு பேரும் ஒன்றாக லாமா மேய்த்தோம், வாடி போடா என்று மண்ணில் புரண்டு சண்டை போட்டோம். குழந்தையை அவன் கையில் கொடுத்துத் தலையில் ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றிய அன்றோடு அதெல்லாம் முடிந்தது. அவன் எனக்குக் கொம்பாத்ரே, நான் அவனுக்குக் கொமாத்ரே. அதற்கப்புறம் 'நீங்க, வாங்க' என்றுதான் பேச்சு. எங்கள் பக்கத்தில் கூடப்பிறந்தவனோடுகூட முறைத்துக்கொள்ளலாம், கொம்பாத்ரேயோடு கூடாது.

அரகார் மலையில் வெளியூர்க்காரர்களை ஏற்றும் உரிமை எங்கள் ஊர்ச் சபையின் கையில் இருக்கிறது. சபை யாரைச் சொல்கிறதோ அவர்தான் குழுவை நடத்தலாம். பல வருஷமாக ஒரே ஆள்தான், காசிமிரோ. நான் அவனுடைய குழுக்களுக்குச் சமைத்தேன், காற்றில் கூடாரம் பறக்காமல் கல் அடுக்கினேன், உயரம் ஒத்துக்கொள்ளாமல் வாந்தி எடுத்தவர்களின் முதுகைத் தடவினேன். உச்சிக்கும் எத்தனையோ முறை போயிருக்கிறேன். ஆனாலும் சமையல்காரிதான். கீழே வந்ததும் போட்டோவில் அவன் நடுவில் நிற்பான், நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பேன்.

போன வருஷம் சபையில் எழுந்து, எனக்கும் மலை வேண்டும் என்று கேட்டேன். தலைவி தியோஃபிலா அம்மாள் பின்னலை நிறுத்தாமலே பேசினாள்.

"கேக்கறது சுலபம், எர்மினியா. ஒரு குழுவை நீயே தனியாக் கூட்டிட்டுப் போய் உச்சியைக் காட்டு. எல்லாரையும் முழுசாத் திருப்பிக் கொண்டா. அப்புறம் உனக்கும் மலைதான். முடியலைன்னா சட்டிபானையோட சந்தோஷமா இரு."

எல்லோரும் சிரித்தார்கள். காசிமிரோ மட்டும் எழுந்து கையைத் தூக்கினான். "சிரிக்காதீங்க. என் கொமாத்ரே என்னைவிட நல்லா ஏறுவாங்க. அதுக்கு நான் பொறுப்பு." எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்போது நினைத்தால் அந்தக் கண்ணையே பிடுங்கி எறியலாம் போல இருக்கிறது.

ஆகஸ்ட் முதல் தேதி பச்சமாமாவுக்கு, பூமித்தாய்க்கு, ஊட்டுகிற நாள். குழி வெட்டி அவள் வாயைத் திறந்து சோறும் சாராயமும் கோக்கா இலையும் கொடுப்போம். அன்று இடப்பக்கமாக முறுக்கிய நூல் ஒன்றை மணிக்கட்டில் கட்டிக்கொள்வோம். அதற்கு யோக்கி என்று பெயர். தானாக அறுந்து விழும்வரை அதைத் தொடக் கூடாது. எல்லோருடைய யோக்கியும் கறுப்பும் வெள்ளையுமாகத்தான் இருக்கும். காசிமிரோவுக்கு மட்டும், நியேவெஸின் பழைய குல்லாயிலிருந்து ஒரு சிவப்பு இழையைப் பிரித்துச் சேர்த்து முறுக்கினேன். நானே கட்டியும் விட்டேன். "மகளோட நூல், கொம்பாத்ரே, உங்களை மலையில பாத்துக்கும்" என்றேன். அவன் அந்த முடிச்சுக்கு முத்தம் கொடுத்தான்.

அரகாரில் தண்ணீர் கிடையாது. ஊற்று இல்லை, ஓடை இல்லை, பனிகூட விருந்தாளி மாதிரி எப்போதாவதுதான் வரும். அதனால் குழுவை நடத்துகிறவர் முன்கூட்டியே மேல் முகாமுக்குத் தண்ணீரைச் சுமந்து போய்ப் புதைத்து வைக்க வேண்டும். அவரவர் இடம் அவரவருக்கு. 'எங்கே புதைத்தாய்' என்று ஒருவர் மற்றவரைக் கேட்பதில்லை, அது மலையில் மரியாதை. நானும் என் வீட்டுக்காரர் ருஃபினோவும் இரண்டு நடை சுமந்தோம். உறைந்து வெடிக்காமல் இருக்கக் கேன்களில் கழுத்துவரை ஊற்றாமல் இடம் விட்டிருந்தோம். கூடாரம் போடும் இடத்துக்கு மேலே, பிளந்த பாறை ஒன்றின் பின்னால் குழி வெட்டினோம். குழி வெட்டினால் பூமித்தாயின் வாயைத் திறந்ததாக அர்த்தம், கூலி கொடுக்காமல் மூட முடியாது. இலை வைத்தேன், சாராயம் தெளித்தேன், மூடினோம்.

ருஃபினோ அதிகம் பேசாத மனுஷன், ரயில் பாதையில் வேலை. கல்லை அடுக்கிவிட்டு மூச்சு வாங்க உட்கார்ந்து, "ஒரு தடவை போயிட்டு வந்துடு. ஆசை தீந்துரும்" என்றார்.

"தீருமா? அதுக்கப்புறம்தான் ஆரம்பமே!" என்று சிரித்தேன். அவரும் சிரித்தாரா என்று நான் பார்க்கவில்லை.

என் முதல் குழுவில் இரண்டே பேர். ரொசாரியோ ஊரைச் சேர்ந்த கிராசியேலா, பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லித் தருகிறவள். அவளுடைய தம்பி நோர்பெர்த்தோ, எதையும் கைக்கடிகாரத்தில் பார்த்துத்தான் நம்புவான். தன் மூச்சையே அதில்தான் பார்த்துக்கொள்வான். உப்புப் படுகையைத் தாண்டும்போது எதிரே காசிமிரோவின் வண்டி வந்தது. தன் குழுவை உச்சிக்குக் கொண்டுபோய்விட்டு இறங்கி வந்துகொண்டிருந்தான். வண்டியை நிறுத்தி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான்.

"காத்தே இல்லை, கொமாத்ரே. உச்சி உங்களுக்காக இடுப்புல கையை வெச்சுக்கிட்டு நிக்குது."

"அப்போ சீக்கிரம் போகணும், காக்க வெக்கக் கூடாது."

தன் பையிலிருந்து ஒரு பிடி கோக்கா இலையை எடுத்து என் கையில் வைத்தான். "நல்ல இலை. கன்னத்துல அடக்கிக்கங்க, மேல உதவும்." வெயில் கொளுத்தியது, ஆனாலும் அவனுடைய சட்டைக் கை விரல்வரை இழுத்து விடப்பட்டிருந்தது. நான் அதைக் கவனித்தேன், ஆனால் அதில் எதுவும் இருப்பதாகத் தோன்றவில்லை.

மேல் முகாமுக்குப் பிற்பகலில் போய்ச் சேர்ந்தோம். கிராசியேலாவுக்குத் தலைவலி தொடங்கியிருந்தது. அக்காவையும் தம்பியையும் கூடாரத்தில் உட்காரவைத்துவிட்டு, நல்ல சூடான சூப் வைத்துத் தருகிறேன் என்று பிளந்த பாறைக்கு ஏறினேன். கல் எல்லாம் நான் அடுக்கியபடியே இருந்தது. எடுத்தேன். கேன்கள் வரிசையாக இருந்தன, மூடி இறுக்கித் திருகியிருந்தது. முதல் கேனைத் தூக்கினேன். கை தானாக மேலே போனது. காலி. அடுத்ததும் காலி. எல்லாமே காலி.

யாராவது தவித்த வாய்க்குக் குடித்திருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். மலையில் அது நடக்கும். ஆனால் குழிக்குக் கீழே சரிவில், கற்களுக்கு நடுவே, வெயிலில் ஏதோ மின்னியது. ஐஸ். என் தண்ணீர் அப்படியே ஓடிப் படலமாக உறைந்து கிடந்தது. ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. கொட்டியிருக்கிறான்கள்.

கேன்களை வெளியே வீசினேன். குழியின் அடியில் கோக்கா இலைகள், முழு இலையாகப் பொறுக்கி, முறைப்படி வைத்திருந்தது. பக்கத்தில் பூமித்தாய்க்காக நட்டுவைத்த சிகரெட், அடிவரை எரிந்திருந்தது. அப்படியென்றால் ஊர்க்காரன். வெளியூர்க்காரன் குழியை மூட எதற்குக் கூலி கொடுக்கப் போகிறான்? இலையைக் கையால் ஒதுக்கினேன். கீழே ஒரு நூல் சுருண்டு கிடந்தது. கறுப்பு, வெள்ளை, ஓர் இழை சிவப்பு.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். தண்ணீரைப் பூமியில் கொட்டியது எவ்வளவு பெரிய பாவம் என்று அவனுக்குத் தெரியும். இலை போதாது என்று பயந்து, கையிலிருந்த யோக்கியையே கடித்து அறுத்துக் கொடுத்திருக்கிறான். பூமித்தாயிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டான். மலைக்குப் பயந்தவனுக்கு என்மேல் பயம் இல்லை, என் மகள்மேல் வெட்கம் இல்லை. அவன் கொடுத்த இலைதான் அப்போதும் என் கன்னத்தில் இருந்தது. துப்பினேன். வாயைத் துடைத்துத் துடைத்து உதடு வெடித்தது, ஆனாலும் அந்தக் கசப்பு போகவில்லை.

கத்தியால் ஐஸைச் சுரண்டினேன். பாதி மண், பாதி சரளை. அதை உருக்கித் துணியில் வடிகட்டியதில் கொஞ்சம் கலங்கல் தண்ணீர் கிடைத்தது. இறங்க அது போதும், ஏறப் போதாது.

நோர்பெர்த்தோ ஒத்துக்கொள்ளவில்லை. "உச்சி இதோ தெரியுது, மேடம்! கையை நீட்டினாத் தொட்டுடலாம். நான் நாளைக்குத் தண்ணியே கேக்க மாட்டேன்."

"நீங்க கேக்க மாட்டீங்க. உங்க அக்காவுக்கு வாய் குழறுது, பாத்தீங்களா?"

பார்த்தான். கடிகாரத்தைப் பார்க்காமல் முதல் முறையாக மனுஷ முகத்தைப் பார்த்தான். எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. உச்சியைத் தொட்டால் மலை எனக்கு, தொடாவிட்டால் மறுபடியும் சட்டிபானை. இவனை மட்டும் கூட்டிக்கொண்டு ஓடிப்போய்த் தொட்டுவிட்டு வந்தால் என்ன என்று ஒரு கணம் நினைத்தேன். கிராசியேலா என் கையைப் பிடித்து, "என்னைத் தனியா விட்டுட்டுப் போயிடாதீங்க" என்றாள். கூடாரத்தைப் பிரித்தேன். இறங்கும்போது ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அழுதிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சபை கூடியது. நான் வாயைத் திறப்பதற்குள் காசிமிரோ எழுந்துவிட்டான். அவன் குரலில் அப்படி ஒரு பரிவு!

"என் கொமாத்ரேயை யாரும் குத்தம் சொல்லாதீங்க. தண்ணி விஷயத்துல எங்கயோ கணக்குத் தப்பிருச்சு. முதல் தடவை எல்லாருக்கும் நடக்கறதுதான். இன்னும் ஒரு வருஷம் என்கூட வரட்டும், நான் சொல்லித் தரேன்."

"கொம்பாத்ரே, உங்க யோக்கி எங்கே?" என்றேன்.

"அதுவா? துணி துவைக்கும்போது தானா விழுந்துருச்சு. நல்ல சகுனம்தானே?"

எழுந்து போய் நூலைத் தியோஃபிலா அம்மாளின் மடியில் வைத்தேன். எங்கே கிடைத்தது என்று சொன்னேன். காலி கேன், உறைந்த தண்ணீர், இலை, சிகரெட், எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பின்னலைக் கீழே வைத்துவிட்டு நூலை வெளிச்சத்தில் பிடித்தாள்.

"முடிச்சு அப்படியே இருக்கு. பல்லால கடிச்சு அறுத்திருக்கு. ஏன்டா காசிமிரோ, ஊட்டறதுக்கு வேற குழி கிடைக்கலையா உனக்கு?"

அவன் முகம் கறுத்தது. "நான் மட்டும்தான் கெட்டவனா? என்னை மட்டும் நிக்கவெச்சு உரிக்கறீங்களே! அந்தப் பாறைக்குப் பின்னாடின்னு நான் கனவா கண்டேன்? இடத்தைச் சொன்னது யாருன்னு அவங்க வீட்டுலயே கேக்கச் சொல்லுங்க!"

எனக்கு முதலில் புரியவே இல்லை. அவன் ஒருவன்மேல் இருந்த ஆத்திரத்தில் நான் அதை யோசிக்கவே இல்லை என்பதுதான் உண்மை. அந்த இடம் தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். திரும்பினேன். ருஃபினோ வாசலருகே நியேவெஸைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றிருந்தார். குழந்தையை மெதுவாகக் கீழே இறக்கிவிட்டார். தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

தியோஃபிலா அம்மாள் ஏதோ பேசினாள். உச்சியைவிட ஆளைத் திருப்பிக் கொண்டுவருவதுதான் பெரிது, மலை எர்மினியாவுக்கு என்றாளாம். கை தட்டினார்களாம். எனக்கு அதெல்லாம் பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். எத்தனை வருஷம் கேட்டுக் கிடைத்தது, கிடைத்த நேரத்தில் என் காதில் விழவில்லை.

வீட்டில் அவர் அடுப்பில் கெண்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அவன் வந்து கேட்டானா?"

"இல்லை."

"பின்னே?"

"நான்தான் போனேன். ஒரு தடவை தோத்துட்டா விட்டுடுவேன்னு நினைச்சேன். தண்ணி இல்லைன்னா நீ திரும்பிடுவே, எனக்குத் தெரியும். நீ புத்திசாலி. நீ மேல போயிட்டா நியேவெஸ் ஜன்னல்லயே நிக்கறா, எர்மினியா. நானும் நிக்கறேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே, மனுஷா! போகாதேன்னு ஒரு வார்த்தை வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா நிப்பியா?"

நின்றிருக்க மாட்டேன். ஆனால் சண்டை போட்டிருப்பேன், தட்டை உடைத்திருப்பேன், அழுதிருப்பேன், அப்புறம் அவர் வைத்த தேநீரைக் குடித்துவிட்டுப் போயிருப்பேன். அதற்கு நான் தயாராக இருந்தேன். காசிமிரோவோடு பேச்சை நிறுத்திவிட்டேன், தெருவில் எதிரே வந்தால் அந்தப் பக்கம் மாறிவிடுவேன், முடிந்தது. இவரை என்ன செய்வது? இவர் சட்டையைத்தான் நான் துவைக்கிறேன், இவர் கட்டிலில்தான் படுக்கிறேன், என் பிள்ளைக்கு இவர்தான் அப்பா.

இந்தப் பருவத்தில் மூன்றாவது குழு அடுத்த வாரம் வருகிறது. இரண்டு குழுவை உச்சிக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். ஒவ்வொரு முறை தண்ணீர் சுமக்கக் கிளம்பும்போதும் ருஃபினோ செருப்பை மாட்டிக்கொண்டு, "நானும் வரட்டுமா?" என்று கேட்கிறார். நல்ல மனசோடுதான் கேட்கிறார், அது எனக்குத் தெரியும்.

வேண்டாம் என்கிறேன். தனியாகத்தான் சுமக்கிறேன். ஏறி, குழி வெட்டி, இலை வைத்து, சாராயம் தெளித்து, மூடுகிறேன். மூடிவிட்டு, சுற்றிலும் ஒரு ஈ காக்கை இல்லாத அந்தப் பாலைவனத்தில், யாராவது பார்க்கிறார்களா என்று எழுந்து நின்று நாலு பக்கமும் பார்க்கிறேன்.