கடிகாரம் கழற்றும் பூதம்

படம் திரையில் விரிந்ததும் லிஃப்ட் மெக்கானிக் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டை உருவாக்கி வந்தான். விற்பதற்கல்ல, வெறும் ஆசைக்கு. பூட்டிய வீட்டிலிருந்து ஒரு குழந்தை தப்பிக்க வேண்டும்; வாசலில் பூதம் காவல். வீடு, பூட்டு, சாவி எல்லாம் அவன் கைவேலை. பூதம் மட்டும் அவன் வரைந்தால் மூட்டைக்குக் கண் வைத்த மாதிரி வந்தது.

“கம்ப்யூட்டரைக் கேட்டா அதுவே வரைஞ்சு கொட்டுமே, எதுக்குய்யா ஆள் தேடற?” என்றான் கூட வேலை பார்ப்பவன். இவனும் கேட்டுப் பார்த்தான். நாற்பது பூதங்களைக் கொட்டியது. ஒன்றைப் பார்த்தும் பயம் வரவில்லை.

அப்புறம்தான் இணையத்தில் ‘மைப்புள்ளி’ என்ற பெயரில் வரையும் பெண்ணைப் பிடித்தான். பென்சிலைத் தொடுவதற்கு முன் கேள்வி கேட்டே ஆளைத் துளைத்துவிடுவது அவள் வழக்கம்.

“கொம்பு, பல்லெல்லாம் நான் பாத்துக்கறேன் சார். அது வர்றது எப்படித் தெரியும்? கோபம் வந்தா முதல்ல என்ன செய்யும்? யோசிக்காம சொல்லுங்க.”

அவனும் மதிய இடைவேளையில் ஒரு கையில் டீயோடு, யோசிக்காமல் தட்டி அனுப்பினான். செருப்பை இழுத்து இழுத்து நடக்கும். உள்ளே வருமுன் ஒருமுறை செருமும். கோபம் வந்தால் கத்தாது. கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைக்கும்.

இப்போது திரையில் பூதம் மேஜையருகே நின்றது. பச்சைத் தோல், இரண்டு கொம்பு. ஆனால் அந்த இறங்கிய இடது தோள், சாய்ந்த தலை, கடிகார வாரில் பதிந்த கட்டைவிரல்! ஒரு போட்டோகூட அவன் அனுப்பியதில்லை.

பின்னால் செருப்பு இழுபட்டது. ஒரு செருமல். திரையை மூட அவனுக்குக் கை வரவில்லை.

அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“யாரு வரைஞ்சது?”

“ஒரு பொண்ணுப்பா. வெளியூரு.”

“என்னை எங்க பாத்தா?”

“பாக்கலப்பா.”

“அப்ப நீ சொன்னியா?”

அவன் விசைப்பலகையையே பார்த்தான்.

“கடைசியில என்ன ஆவும்?”

“குழந்தை தப்பிச்சுடும்.”

“சரி. அப்புறம் இது?”

ஒன்றரை வருடமாகக் கதவு கதவாகச் செய்தவன், அதை மட்டும் நினைத்ததேயில்லை.

“அதுக்கு மேல நான் எழுதலப்பா.”

“ம்” என்றார் அப்பா. “நான் குளிச்சுட்டு வரேன்.” பழக்கத்தில் அவர் வலது கை இடது மணிக்கட்டுக்குப் போயிற்று. முப்பத்தாறு வயதுக்காரனின் தோள்கள் இரண்டும் தாமாகவே காதுவரை ஏறிக்கொண்டன.

அப்பா அதைப் பார்த்துவிட்டார்.

பாதி அவிழ்ந்த வாரை அப்படியே பிடித்தபடி நின்றார். பிறகு அதைத் திரும்ப மாட்டப் பார்த்தார். ஊசி ஓட்டையில் ஏறவில்லை. மறுபடி முயன்றார், மறுபடியும்.