நீலவல்லிக்குச் சொன்ன பயன்

அறுபத்திரண்டாம் ஆண்டு பங்குனி மாதம், காதை படிப்பின் கடைசி நாளன்று பிள்ளையார்கோயில் மண்டபத்தில் இருந்தவர்கள் இவர்கள்: பயன் சொல்லும் ஆழ்வாப்பிள்ளை, அவருக்கு எதிரே, பாட்டு வாசிக்கும் தம்பி முத்துக்குமாரு, தூணோரம் பருத்தித்துறையிலிருந்து வந்திருந்த ஏரம்பர், பெண்கள் பக்கத்தில் ஆழ்வாப்பிள்ளையின் மனைவி மகாதேவி, தங்கை தங்கமுத்து, தங்கமுத்துவின் மகள் இராசமலர், ஒன்றுவிட்ட அக்கா சின்னாச்சி, கோயில் ஐயர், பின்னால் பாய்க்கப்பல் ஓடிய குடும்பங்கள் சில. வராதவர் ஒருவரையும் சொல்லவேண்டும். தங்கமுத்துவின் கணவர் தம்பிஐயா.

கோயில்களில் புராணம் படிப்பது எங்கும் உள்ளதுதான். ஒருவர் பாட்டை இராகத்தோடு வாசிப்பார்; மற்றவர் அதன் பொருளை விரித்துச் சொல்லுவார். அதற்குப் பயன் சொல்லுதல் என்று பெயர். இந்தக் கோயிலில் அதோடு ‘மகரவேந்தன் காதை’யும் படிக்கப்பட்டது. ஆழ்வாப்பிள்ளையின் பாட்டனார் கட்டிய காவியம் அது. மகரமுகக் கப்பலேறி ஏழு கடலையும் கடந்து, அலைப்பூதத்தை வென்று, நீருக்குள் எரியும் சுடரைக் கொண்டுவந்த அரசனின் கதை. அரசனுக்கு நீலவல்லி என்று ஒரு மனைவி இருந்தாள். போகும்போது கோட்டைப் பூட்டின் திறப்பை அவள் கையில் கொடுத்து, “நான் வரும்வரை பூட்டியிரு” என்று சொல்லிப் போகிறான். அவளுக்கு உள்ளது அந்த ஒரு பாட்டுத்தான். கடைசியில் அவன் கடலரசன் மகளோடு திரும்பி வந்து அரியணையில் ஏறுகிறான். நீலவல்லி என்ன ஆனாள் என்று பாட்டனாரும் சொல்லவில்லை, கேட்டவர்களும் கேட்கவில்லை.

அந்த ஒரு பாட்டுக்கு ஆழ்வாப்பிள்ளை ஆண்டுதோறும் நெடுநேரம் பயன் சொல்லுவார். காத்திருப்பதே குலப்பெண்ணுக்கு அணி என்பார். சொல்லும்போது பெண்கள் பக்கம் பார்க்கமாட்டார். பார்க்க வேண்டிய தேவையும் இல்லை. யாருக்காகச் சொல்லுகிறார் என்பது எல்லாருக்கும் தெரியும்.

தம்பிஐயா பெரிய தண்டையல். பாய்க்கப்பலை நடத்துவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. உலகச் சண்டை முடிந்த கையோடு பர்மாவுக்குப் போனார். கப்பல் திரும்பி வந்தது, தண்டையல் வரவில்லை. வியாபாரத்தை ஒழுங்குபடுத்திவிட்டு வருவார் என்று ஆழ்வாப்பிள்ளை ஊருக்குச் சொன்னார். பிறகு இரங்கூனிலிருந்து வந்த ஒருவர், தம்பிஐயாவுக்கு அங்கே மனைவியும் பிள்ளைகளும் இருப்பதை ஆழ்வாப்பிள்ளையின் காதில் போட்டார். ஆழ்வாப்பிள்ளை அவருக்குச் சோறு போட்டு, கோடி வேட்டியும் கொடுத்து, வாயை மூடிக்கொண்டு போகும்படி சொல்லி அனுப்பினார். தங்கையைக் கைவிட்டுப்போனான் என்ற சொல் அந்த வீட்டு வாசலைத் தாண்டக்கூடாது. அதுதான் அவருடைய தீர்மானம்.

தீர்மானம் பதினாறு ஆண்டு நின்றது. இராசமலருக்குச் சம்பந்தம் வந்தபோதுதான் அது ஆட்டம் கண்டது. மாப்பிள்ளை ஏரம்பரின் சகோதரி மகன், நல்ல பொடியன், கண்டியில் உத்தியோகம். ஆவணிக்குள் கலியாணம் முடியவேண்டும் என்றார்கள். தேப்பன் வந்து தாரைவார்க்கட்டும் என்று ஆழ்வாப்பிள்ளை தவணை சொன்னார். தாய்மாமன் கையால் தாரைவார்த்தால் தேப்பன் வரமாட்டான் என்று தானே பறைசாற்றியதாகும் என்பது அவர் எண்ணம். இதற்கு முன்னும் ஒரு சம்பந்தம் இந்தத் தவணையில்தான் தவறிப்போனது. ஏரம்பர் காதை கேட்க வந்ததுபோல வந்திருந்தாலும், கடைசி மறுமொழி வாங்கவே வந்திருந்தார்.

படிப்பின் கடைசி நாளுக்கு முதல்நாள் தங்கமுத்து தமையனிடம் வந்து நின்றாள்.

“அண்ணை, அவர் வரமாட்டார். உங்களுக்கும் தெரியும்.”

“தாலி கழுத்திலை இருக்கு. அதை வைச்சுக்கொண்டு இந்தக் கதை கதையாதை.”

“என்ரை கழுத்தை விடுங்கோ. பெட்டையின்ரை கழுத்தைப் பற்றித்தான் நான் கதைக்கிறன்.”

அவர் எழுந்து போய்விட்டார். குசினிக்குள் இருந்த சின்னாச்சி, அவர் கேட்கும்படியாகவே மகாதேவியிடம் சொன்னாள்: “கப்பல் வரும் வரும் எண்டு பாத்து, எங்கடை துறையே தூர்ந்துபோச்சு.”

மறுநாள் படிப்பு வழக்கம்போல நடந்தது. முத்துக்குமாருவின் குரல் அன்று தெளிவாக இருந்தது. நீலவல்லியின் பாட்டு வந்தது. ஆழ்வாப்பிள்ளை பயன் சொன்னார். அடுத்தது கப்பல் புறப்படும் பாட்டு என்று சால்வையைச் சரிசெய்துகொண்டு இருந்தார். தம்பி புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பாடினான்.

கோட்டையின் திறப்புத் தந்து கூம்புயர் கலத்தில் போனாய்
வாட்டமில் மகளும் இங்கே வளர்ந்தனள் மணத்துக் காக
பூட்டிய கதவின் உள்ளே பொழுதெலாம் இருத்த லாமோ
நாட்டவர் காண இன்றே நானதைத் திறந்து விட்டேன்

காதை முழுவதும் ஆழ்வாப்பிள்ளைக்கு மனப்பாடம். இது பாட்டனார் பாட்டு அல்ல. முதலடியிலேயே தெரிந்துவிட்டது. பெண்கள் பக்கம் பார்த்தார். தங்கமுத்து நிலத்தைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சிறுவயதில் அவர் பாட்டனாரிடம் பாடம் கேட்டபோது அருகில் இருந்து பூக்கட்டியவள் அவள். அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.



“அண்ணை, பாட்டு நிக்குது,” என்றான் முத்துக்குமாரு. “பயன் சொல்லுங்கோ.”

சந்நிதியில் வாசித்த பாட்டைப் பயன் சொல்லாமல் விடக்கூடாது. இந்த முறையை இறுக்கிப் பிடித்தவரே அவர்தான். ஒரு பாட்டைத் தாண்டிப்போன குற்றத்துக்காகச் சொந்த மச்சான் பொன்னம்பலத்தைப் பயன் சொல்லும் இடத்திலிருந்து எழுப்பியவர். இது எங்கள் பாட்டல்ல என்று சொன்னால், பிறகு யாருடையது என்று ஐயரே கேட்பார். தங்கையின் பெயர் சந்திக்கு வரும். வழக்கமான பேச்சையே திரும்பச் சொல்லி மழுப்பலாம். ஆனால் பாட்டு ஒன்று சொல்ல, பயன் வேறொன்று சொல்லும் வேலையை அவர் வாழ்நாளில் செய்ததில்லை. அந்தப் பெருமை அவருக்குத் தங்கையைப் பற்றிய மானத்தைவிடப் பழையது.

தொண்டையைச் செருமினார். எப்போதும் செந்தமிழில் பயன் சொல்லுகிறவர் அன்று வீட்டில் கதைப்பதுபோலவே சொன்னார்.

“மகரவேந்தன் நீலவல்லியிட்டைத் திரும்பி வரேல்லை. வரமாட்டான் எண்டு அவளுக்குத் தெரியும். கோட்டையிலை இருந்த பெரியாக்களுக்கும் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் அவளைப் பூட்டி வைச்சவை. பெட்டை வளர்ந்திட்டாள். தாய் கதவைத் திறந்தாள். பயன் அவ்வளவுதான்.”

முத்துக்குமாரு அடுத்த பாட்டைப் பாடினான். அதுவும் தங்கமுத்துவின் பாட்டு. அதற்கும் பயன் சொன்னார். நீலவல்லியைப் பற்றி அவள் கட்டிய ஏழு பாட்டுக்கும், ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். அவருடைய வேட்டித் தலைப்பு கைக்குள் கசங்கிப்போயிருந்தது. பின்வரிசையில் யாரோ ஒரு பெண் அழுதாள். கணவனைக் கடலுக்குக் கொடுத்த எத்தனையோ பேர் அங்கே இருந்தார்கள்.

படிப்பு முடிந்ததும் ஏரம்பர் வந்து விபூதி எடுத்துக்கொண்டார். “அப்ப ஆவணியிலை வைப்பம்,” என்றார். ஆழ்வாப்பிள்ளை தலையை மட்டும் ஆட்டினார்.

ஆவணியில் கலியாணம் நடந்தது. தாய்மாமனும் மகாதேவியும் நின்று தாரைவார்த்தார்கள். தங்கமுத்து தாலியைக் கழற்றவும் இல்லை, யாரிடமும் விளக்கம் சொல்லவும் இல்லை. மணவறைக்குப் பக்கத்தில் நேராக நின்றாள். தமையன் அவளோடு கதைக்கவில்லை. அவளுடைய வீட்டு அரிசியும் விறகும் முறைப்படி போய்க்கொண்டிருந்தன. பேச்சு மட்டும் இல்லை. தம்பியிடம் ஒரு முறை சொன்னார்: “இனி நீ வாசிக்கிற இடத்திலை நான் இருக்கமாட்டன்.” அப்படியே இருந்தார். அடுத்த பங்குனியில் பொன்னம்பலத்தைக் கூப்பிட்டுப் பயன் சொல்ல வைத்தார்கள். தங்கமுத்துவின் ஏழு பாட்டையும் முத்துக்குமாரு விடவில்லை. மதிலுக்கு வெளியே, வீதியில் நின்று ஆழ்வாப்பிள்ளை கேட்டதைக் கண்டவர்கள் உண்டு.

அந்த ஏழு பாட்டும் பாட்டனாரின் ஏட்டிலேயே இருந்தன, கறையான் தின்றதில் மறைந்துகிடந்து பிறகு கண்டெடுக்கப்பட்டன என்று இப்போது ஊரில் ஒரு கதை உண்டு. வீட்டு மானத்தை எண்ணி உறவினர் சிலரே அதைப் பரப்பினார்கள். அது பொய். ஏட்டைக் கறையான் தின்னவில்லை. அது முழுதாகவே இருக்கிறது. அதில் நீலவல்லிக்கு ஒரு பாட்டுத்தான். மற்ற ஏழையும் கட்டியவள் தங்கமுத்து.