அக்கா வைத்த எண்

மலர்வளையத்தை அக்காவின் காலடியில் வைத்துவிட்டு நிமிர்ந்த துரை, முதலில் கைக்குட்டையைத் தேடி எடுத்தார். கண்ணீர் அதற்குப் பிறகுதான் வந்தது.

தங்கை சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். துரை என்பது அக்கா வைத்த பட்டப்பெயர். ஆய்வுக்கூடத்தில் அவர்தான் அக்காவின் குழுத்தலைவர்.

அக்காவின் வேலை, கனமான ஒரு துகளை எடைபோடுவது. தராசில் வைக்கிற சமாச்சாரம் இல்லை. பிறந்த கையோடு உடைந்துபோகும். யாரும் அதை நேரில் கண்டதில்லை. தெறித்து ஓடும் சிதறல்களின் வேகத்தையும் திசையையும் அளந்து, உடைந்தது என்ன கனம் இருந்திருக்கும் என்று பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும். “கழுவப் போட்ட தட்டைப் பார்த்து, விருந்துக்கு எத்தனை பேர் வந்தாங்கன்னு சொல்ற பொழப்புடி” என்பாள் அக்கா.

இந்த வேலையில் மனசு ஏமாற்றும். எதிர்பார்த்த விடை வரும்வரை கணக்கைத் தட்டிக்கொட்டத் தோன்றும். அதனால் ஒருவர் மட்டும் ரகசியமாக ஓர் எண்ணை விடையோடு கூட்டி வைத்துவிடுவார். மற்றவர்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு வேலை செய்வார்கள். இனி ஒரு புள்ளியும் மாற்றுவதில்லை என்று உறுதியான பிறகு, சபை நடுவே அந்த எண்ணைக் கழிப்பார்கள். வருவதுதான் விடை.

சென்ற முறை துரை அந்த எண்ணைத் திருட்டுத்தனமாகப் பார்த்து, விடையைத் தமக்கு வேண்டிய இடத்துக்கு இழுத்தார். வேறொரு குழு அது தப்பென்று காட்டியபோது, கணக்கைக் கெடுத்தது இந்த அம்மாதான் என்று நிறைந்த கூட்டத்தில் அக்காவைக் கைகாட்டினார். அக்காவிடம் சாட்சி இல்லை. அன்றிலிருந்து அவளோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடக்கூட ஆட்கள் யோசித்தார்கள்.

இந்த முறை ரகசிய எண் வைக்கும் பொறுப்பை அக்கா கேட்டு வாங்கிக்கொண்டாள். துரை மறுக்கவில்லை. ஒருமுறை ஏமாந்தவளை இன்னொருமுறை ஏமாற்றுவது சுலபம்தானே. அக்கா தன் கணினியில் ஒரு பொய் எண்ணை வைத்தாள். பொய் எண், உண்மை எண் இரண்டையும் வெளியார் அடங்கிய சரிபார்ப்புக் குழுவிடம் ஒப்படைத்தாள். அவள் மருத்துவமனையில் படுத்ததும், பத்திரமாக வைத்திருப்பதாகச் சொல்லித் துரை கணினியை வாங்கிக்கொண்டு போனார். சில வாரங்களில் குழுவின் கணக்கு அந்தப் பொய் எண்ணுக்குத் தக்கபடி மெல்ல மெல்ல நகரத் தொடங்கியது.

“எலி பொறியில விழுந்துடுச்சு,” என்றாள் அக்கா, கட்டிலில் கிடந்தபடி. “சபையில உண்மை எண்ணைக் கழிக்கும்போது, ரெண்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் அளவுக்கே விடை பிசகும். அதுதான் துரையோட கைரேகை. நான் இருந்தாலும் இல்லாட்டாலும் நீ வாயைத் தொறக்காதே. அது போதும்.”

அதைப் பார்த்துவிட்டுப் போகத்தான் அக்கா உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள். நேற்று பிடி நழுவிவிட்டது.

துரை இப்போது அக்காவின் கணவர், மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நாளை மறுநாள் விடையைத் திறக்கப்போவதாகவும், கட்டுரையின் முதல் பெயராக அக்காவின் பெயரையே போட்டிருப்பதாகவும் சொன்னார். ஒன்றும் அறியாத மாமா, அவர் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினார்.

தங்கைக்கு அப்போதுதான் உறைத்தது. பொறி அக்காவின் பெயரையும் சேர்த்தல்லவா கவ்வப்போகிறது. ஊர் சிரிக்கப்போகும் கட்டுரையில் அக்கா பெயர் முன்னால் நிற்கும். உண்மை பின்னால் நொண்டிக்கொண்டு வரும். ஒரு வார்த்தை சொன்னால் எல்லாவற்றையும் நிறுத்திவிடலாம். துரையும் தப்பித்துக்கொள்வார்.

அவர் கிளம்பியதும் வாசல்வரை கூடவே போனாள்.

“அக்கா கடைசியா ஒண்ணு சொன்னா, சார். அந்தக் கட்டுரையில என் பேரே வேண்டாம், எல்லாம் சாரோட உழைப்பு, அவர் பேரே முதல்ல நிக்கட்டும்னு.”

பொய் நாக்கில் வழுக்கிக்கொண்டு வந்தது. பல்லைப் பிடுங்குவதற்கு முன் வலிக்காது என்று தினமும் சொல்கிற பல் டாக்டர் அவள்.

அவர் முகத்தையே பார்த்தாள். ‘சேச்சே, அவங்க பேர் இருக்கட்டும்மா’ என்று ஒப்புக்காவது சொன்னால் போதும், பொறியைத் திறந்து விட்டுவிடுவது என்று மனசுக்குள் முடிவு செய்திருந்தாள்.

துரை பெருமூச்சு விட்டார். “அவங்களுக்குப் பெரிய மனசு. இறந்தவங்க ஆசையை நாம மீறக் கூடாது, இல்லையா?”

“கூடாது, சார்.”

அங்கேயே செல்போனை எடுத்தார். எழுத்துத் தெரியாமல் கண்ணாடிக்காகத் தடவினார்.

“சட்டைப் பையில இருக்கு, சார்.”

கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பெயரை எடுக்கச் சொல்லிச் செய்தி அனுப்பினார். அனுப்பியதும் முகம் தெளிந்துவிட்டது. “நீங்களும் வாங்க டாக்டர், அவங்க இடத்துல.”

“வர்றேன், சார். முதல் வரிசையில ஒரு நாற்காலி போடச் சொல்லுங்க.”

கார் தெருமுனை திரும்பும்வரை நின்றுவிட்டு உள்ளே வந்தாள். என்ன சொல்லிவிட்டுப் போனார் என்று மாமா கேட்டார்.

“நல்லாத்தான் பேசினார், மாமா.”

அக்காவின் தலைமாட்டில் உட்கார்ந்து, நெற்றியில் விழுந்திருந்த முடியை ஒதுக்கினாள். உதடு, சிரிப்பை அடக்குகிற மாதிரி ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டிருந்தது. மாமாகூட அதைச் சரிசெய்யச் சொல்லியிருந்தார். விரலால் லேசாக அழுத்தினால் நேராகிவிடும். தங்கை குனிந்து பார்த்தாள். பிறகு அதை அப்படியே விட்டுவிட்டாள்.