மாமியார் எத்தனை பேட்டரி?

மாமியார் ஏறினால் வண்டி மூன்றாவது கியரை விட்டு நகராது. தானாகவே கியர் மாற்றிக்கொள்ளும் வண்டி அது. மற்ற நாட்களில் வழுக்கிக்கொண்டு போகும். அவர் முன்சீட்டில் உட்கார்ந்து இரண்டு தெரு தாண்டியதும் எச்சரிக்கை விளக்கு எரியும், வண்டி முக்கி முனகும். மூன்று முறை ஆகிவிட்டது. நாளைக்கு இளைய மகளின் புது வீட்டுக்குப் போக வேண்டும். "நீங்க மட்டும் பஸ்ல வந்துடுங்க அத்தை" என்று மருமகன் நைசாகச் சொல்லியிருந்தார். அதனால்தான் மாமியாரும் ஒர்க்‌ஷாப்புக்குக் கூடவே வந்து, ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

எலக்ட்ரீஷியன் பெண் அதிகம் பேசாதவள். ஸ்கேனரை மாட்டிப் பார்த்தாள்.

"வேக சென்சார் சிக்னல் அப்பப்ப விட்டுப்போகுது, சார். கியர்பாக்ஸ் நல்லாத்தான் இருக்கு. வயர் எங்கயோ பாடியில உரசுது."

மீட்டரின் ஒரு முனையைச் சென்சார் வயரிலும் மறுமுனையை வண்டியின் பாடியிலும் பொருத்தினாள். உரசினால் கத்தும். கத்தவில்லை.

மருமகன் குரலைத் தாழ்த்தினார். "அந்த சீட்டுக்கு அடியிலதான வயர் போகுது? வெயிட் ஏறணும்மா."

பழைய பேட்டரி ஒன்றைத் தூக்கி சீட்டில் வைத்தார். சத்தமில்லை. இரண்டு. மூன்று.

"நான் எத்தனை பேட்டரி, மாப்பிள்ளை?" என்று ஸ்டூலிலிருந்து கேள்வி வந்தது.

"சும்மா ஒரு கணக்குக்கு, அத்தை."

"கார் பேட்டரியா, லாரி பேட்டரியா?"

எலக்ட்ரீஷியன் சிரிப்பை மறைக்க பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டாள். நான்காவதும் ஏறியது. மீட்டர் வாய் திறக்கவில்லை.

"எல்லாத்தையும் கீழ இறக்குங்க. நானே உக்கார்றேன்."

உட்கார்ந்தார். மீட்டர் கம்மென்றிருந்தது. மாமியாருக்கு மனசு லேசானது. முழங்காலை நீட்ட இடம் வேண்டுமே என்று, எப்போதும்போல் கைப்பிடியை இழுத்து சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளினார். மீட்டர் அலறியது.

"நான் சொல்லல?" என்றார் மருமகன்.

பஸ்ஸில் ஜன்னல் சீட்டாவது கிடைக்குமா என்று மாமியார் யோசித்தார்.

"அம்மா, சீட்ட முன்னால இழுங்க." சத்தம் நின்றது. "பின்னால." அலறியது. "இறங்குங்கம்மா. சார், இப்ப நீங்க."

ஒட்டடைக்குச்சி போலிருந்த மருமகன் ஏறி சீட்டைப் பின்னுக்குத் தள்ளினார். மீட்டர் அவருக்கும் அதே மரியாதையைச் செய்தது.

"வெயிட் இல்ல சார். சீட்டு கடைசிக்குப் போனா, அடியில இருக்கற கம்பி வயர நசுக்குது."

தோலுரிந்த வயருக்கு டேப் சுற்றி, ஓரமாகத் தள்ளிக் கட்டினாள். மாமியார் மறுபடி ஏறி, சீட்டைக் கடைசிவரை தள்ளி, சாவகாசமாகக் காலை நீட்டினார். மீட்டர் பேசவில்லை.

"நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்பறோம், மாப்பிள்ளை?"

நான்காவது பேட்டரியை அலமாரிக்குத் தூக்கிக்கொண்டிருந்த மருமகனுக்குப் பதில் சொல்ல மூச்சு வரவில்லை.