திருமூர்த்தி கார் பிடித்தார்

கொடுமுடிக்கு அருகே மஞ்சளும் கரும்பும் பயிரிட்டுவந்த திருமூர்த்தி, எப்பொருளையும் மாடு வாங்குவதைப் போலவே வாங்கும் பழக்கமுடையவர். கட்டில் வாங்கினால் நான்கு கால்களையும் தட்டிப் பார்ப்பார். மிக்ஸி வாங்கினால் அதன் பின்புறம் சென்று சற்று நேரம் நிற்பார். கைப்பேசி வாங்கச் சென்ற கடையில் அதனை உள்ளங்கையில் ஏந்தி, "தீனி எப்படிங்க திங்கும்?" என்று வினவினார். கடைப்பெண் அதனைச் சார்ஜ் பற்றிய வினாவாகக் கொண்டு சரியாகவே விடையளித்தாள். இம்முறையால் அவர் அதுகாறும் ஏமாந்ததில்லை. ஆதலால் மனைவி புவனாவும் தடுப்பதில்லை. கடையில் சற்றுத் தள்ளி நின்றுகொள்வதோடு சரி.

இத்தகையவர் பழைய சொகுசுக் கார் ஒன்றை வாங்க விரும்பியதற்குச் சம்பந்தி நாச்சிமுத்துவே காரணம். பெரியநாயக்கன்பாளையத்தில் கிரைண்டர் பட்டறை நடத்தும் அவருடைய மகன் சரவணனுக்குத் திருமூர்த்தி தம் மகள் கனிஷ்காவைத் தை மாதத்தில் மணமுடித்துக் கொடுத்திருந்தார். சீர்ச் சாமான்களை ஏற்றிச் சென்ற திருமூர்த்தியின் வேன், சம்பந்தி வீட்டு வாசலில் நின்றுபோயிற்று. பட்டறை ஆட்கள் கூடித் தள்ளினர். அத்தோடு முடிந்திருந்தால் பாதகமில்லை. நாச்சிமுத்து அதன்பின் வந்த ஒவ்வொரு விருந்திலும் அந்நிகழ்ச்சியை நடித்தே காட்டலானார். வேன் இருமிய ஒலியையும் விக்கிய ஒலியையும் வாயாலேயே எழுப்புவார். ஒரு காதுகுத்து விருந்தில், பந்தியில் அமர்ந்திருந்தோர் கையில் எடுத்த சோற்றை இலையில் வைத்துவிட்டு, இன்னொரு முறை செய்துகாட்டும்படி அவரை வேண்டிக்கொண்டனர்.

ஆடி நோன்புக்கு மகளையும் மருமகனையும் அழைத்துவர வேண்டும். அதே வாசலில் மறுபடியும் ஒரு வண்டி நின்றால், தம் ஆயுள் முழுவதும் அந்நடிப்பைக் காண நேருமே என்று திருமூர்த்தி அஞ்சினார். பார்ப்பதற்குப் பளபளப்பாக இருக்க வேண்டும். எவ்விடத்தும் நிற்காமல் ஓட வேண்டும். அவர் தேடிய காரின் இலக்கணம் அவ்வளவுதான். புதிதாக வாங்குவதானால் வயலை விற்க வேண்டியிருக்கும். எனவே கணவனும் மனைவியும் இரயிலேறிக் கோவைக்கு வந்து, உக்கடத்தில் பழைய கார் விற்கும் அப்துல் நாசரைக் கண்டனர்.

நாசரின் பாட்டனார் சந்தை சந்தையாகச் சென்று மாடு விற்றவர். ஆகையால், ஒரு மருத்துவர் வைத்திருந்த கருநீல நிறச் சொகுசுக் காரின் முன்பக்க மூடியை, "வாயைத் தெறங்க பாய்" என்று திருமூர்த்தி கேட்டவுடன் அவர் மறுபேச்சின்றித் திறந்தார். திருமூர்த்தி உள்ளே பார்த்தார். பின்னால் சென்று நின்றார். வெயிலில் சாய்ந்து நோக்கியபோது, முன்சக்கரத்தின் மேலே வண்ணப்பூச்சில் வட்டவட்டமாகக் கீறல்கள் தெரிந்தன. மாட்டுக்குச் சுழி பார்த்தே பழகிய அவர் முகம் வாடிற்று.

"பாய், தோள்ல சுழி இருக்குதுங்களே."

"பாலிஷ் போட்ட தடமுங்ணா அது. நெத்தியிலயும் முதுகுலயும் பாருங்க, ஒண்ணுமே இல்ல. தோள்ச்சுழி குடும்பத்துக்கு ஆகுமுங்க" என்றார் நாசர்.

அந்நேரத்தில் காரின் அடியிலிருந்து நீர் சொட்டியது. வாங்க வந்தவர் முன்னே மாடு நீர்விட்டால் நல்ல சகுனமென்று திருமூர்த்தி மகிழ்ந்தார். அது ஏசித் தண்ணீர் என்று புவனா எடுத்துரைத்தாள். "எந்தத் தண்ணியா இருந்தா என்ன அம்மணி, நாம வந்து நின்னதும் உட்டுது பாத்தியா? ராசியான உருப்படி" என்றார் அவர். பின்னர் நாசரை அருகிலமர்த்திப் புறவழிச்சாலை வரையில் ஓட்டிப் பார்த்தார். கார் எண்ணெயில் வழுக்குவதைப் போல ஓடிற்று. திரும்பி வந்ததும் மாட்டுச்சந்தை வழக்கப்படி கைகளின் மேல் துண்டொன்றைப் போர்த்தி, அதனுள்ளே விரல்களைப் பற்றி இருவரும் விலை பேசினர். பேசி முடித்த இருவர் முகத்திலும் மற்றவரை வென்றுவிட்ட பணிவு தோன்றிற்று.

நாசர் தாமே ஏறிப் பொத்தானை அமுக்கி வண்டியைக் கிளப்பிவிட்டு இறங்கினார். சாவி என்று பெயர் பெற்ற கறுப்பு வில்லையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். திருமூர்த்தி இரு கைகளாலும் அதனைத் தடுத்துவிட்டார். உருப்படியை வாங்குகிறவன் விற்கிறவனுடைய கயிற்றை வாங்கலாகாது. கயிறும் போய்விட்டால் விற்றவன் தொழுவத்தில் இலட்சுமி தங்காள். கொங்குச் சந்தைகளில் வழுவாது காக்கப்படும் வழக்கம் இது. அதற்கெனவே அவர் மஞ்சள் தடவிய புதுக்கயிறு ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். அதனைக் காரின் பக்கவாட்டுக் கண்ணாடியில் கட்டினார்.

"உங்க கயிறு உங்ககிட்டயே இருக்கட்டுமுங்க பாய். நீங்க நல்லா இருக்கோணும்."

நாசரின் கண்கள் கலங்கின. இத்தனை ஆண்டு வியாபாரத்தில் எவரும் தம் தொழுவத்தை நினைத்துப் பார்த்ததில்லை என்றார். வில்லையைக் கண்களில் ஒற்றிப் பைக்குள் வைத்தார். அந்த நெகிழ்ச்சியில், மாட்டைக் கயிறில்லாமலும் ஓட்டலாம், காரைச் சாவியில்லாமல் ஓட்டலாகாது என்னும் உண்மை இருவருக்குமே தோன்றவில்லை.

இயங்கிக்கொண்டிருந்த கார் இயங்கியவாறே புறப்பட்டது. தெரு முனையைத் தாண்டியதும் கீச்சுக் கீச்சென்று ஒலித்தது.

"ஏனுங்க, சாவியக் காணோம்னு இங்கிலீசுல எழுதிக் காட்டுதுங்க" என்றாள் புவனா.

"நாம வாங்கலங்கறது அதுக்கும் தெரிஞ்சிருக்குது பாரு. கட்டுத்தறி மாறுனா எந்த உருப்படியும் கத்தத்தான் செய்யும். ரெண்டு நாள்ல பழகிரும்."

பெரியநாயக்கன்பாளையத்தில் நாச்சிமுத்து வாசலுக்கு வந்து காரைக் கண்டார். அதனை ஒருமுறை சுற்றி வந்தார். கயிற்றைத் திருஷ்டிக்கென்று கருதி, அதுவும் நல்லதே என்று பாராட்டினார். திருமூர்த்தி பெருமிதத்தோடு பொத்தானை அமுக்கி வண்டியை நிறுத்தினார். விருந்து தடபுடலாக நடந்தது. நாச்சிமுத்து அன்று வேனைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

பெட்டிகளை ஏற்றி, மகளும் மருமகனும் பின்னிருக்கையில் அமர்ந்த பின்னர், திருமூர்த்தி பொத்தானை அமுக்கினார். கார் கீச்சிட்டது, கிளம்பவில்லை. மறுபடி அமுக்கினார். சாவியைக் கேட்கிறது மாமா என்றார் சரவணன். திருமூர்த்தி வெறும் சட்டைப் பையைத் தட்டிக்காட்டி, "எல்லாம் இருக்குது மாப்ள" என்றார். நாச்சிமுத்து வேட்டியை மடித்துக் கட்டினார். அழைக்காமலே பட்டறை ஆட்கள் வந்து நின்றனர். அனைவரும் தள்ளினர். சாவியில்லாமல் சக்கரப் பூட்டு விடுபடாத கார் ஓரங்குலமும் அசையவில்லை.

"சம்பந்தி, அந்த வேனு தள்ளுனாலாச்சும் போச்சுங்க" என்றார் நாச்சிமுத்து.

திருமூர்த்தி பட்டறைக்குப் பின்புறம் சென்று நாசரைக் கைப்பேசியில் அழைத்து, அந்தக் கயிறு சற்று வேண்டியிருக்கிறது என்று தாழ்ந்த குரலில் கூறினார்.

நாசர் ஸ்கூட்டரில் விரைந்து வந்து சேர்வதற்குள் நாச்சிமுத்து தீர்ப்பே எழுதிவிட்டார். உக்கடத்துக்காரர் தலையில் கட்டிவிட்டார். பார்வைக்குத்தான் சொகுசு, உள்ளே ஓட்டை. பிள்ளைகள் பேருந்தில் வரட்டும். கனிஷ்கா பெட்டியை இறக்கத் தொடங்கியிருந்தாள்.

நாசர் வில்லையைத் திருமூர்த்தியின் கைக்குள் திணித்துக் காதருகே சொன்னார்: "சாவியில பேட்டரி செத்துப்போச்சு, நாந்தான் பாக்காமக் குடுத்துப்போட்டேன்னு சொல்லிர்றேனுங்ணா. எம்பேரு கெட்டாக் கெடட்டும். சம்பந்தி ஊட்டு முன்னால நீங்க தலை குனியப்படாது."

திருமூர்த்திக்கு அது மிக நல்ல யோசனையாகவே தோன்றியது. ஏறி அமர்ந்து பொத்தானை அமுக்கினார். கார் ஓசையின்றிக் கிளம்பியது. "என்னங்க கோளாறு? பாய் ஏமாத்திட்டாருங்களா?" என்று நாச்சிமுத்து குனிந்து கேட்டார். நாசர் குற்றத்தை ஏற்கும் முகத்தோடு ஓரடி முன்னே வந்தார். உண்மை தெரிந்தால் அடுத்த விருந்தில் நாச்சிமுத்து எவ்வாறெல்லாம் கீச்சிடுவார் என்பது திருமூர்த்தியின் கண்முன் தோன்றி மறைந்தது. வேனின் இருமலை விடக் கீச்சொலிக்கே நாச்சிமுத்துவின் குரல் பொருத்தமாகவும் இருந்தது.

"அவரு நல்ல வண்டிதானுங்க குடுத்தாரு. சாவிய வேண்டாம்னு நாந்தான் உட்டுப்போட்டு வந்தேன்" என்றார் திருமூர்த்தி. பின்னர் மகளைப் பார்த்து, "பெட்டிய ஏத்து கண்ணு, இதுலயே போலாம்" என்றார்.