மூஞ்சி தெரியுற கேமரா

சின்னதே போதும் என்று கண்ணாயிரம் சொன்னதும் மணிவண்ணன் அவன் பக்கம் திரும்பக்கூட இல்லை. கடைக்காரரைப் பார்த்து, பெரியதை எடுங்கள் என்று கையைக் காட்டினான்.

கேமரா வாங்கக் கடலூரில் கடை இல்லாமல் இல்லை. ஆனால் அங்கே வாங்கினால் பொழுது சாய்வதற்குள் துறைமுகத்துக்குச் சேதி போய்விடும். விசைப்படகு முதலாளிகளுக்குக் காது அதிகம். அதனால்தான் ஊர்ப் பஞ்சாயத்தில் பேசி முடித்து, யாருக்கும் தெரியாமல் இந்த இரண்டு பேரையும் சிதம்பரத்துக்கு பஸ் ஏற்றிவிட்டிருந்தார்கள். மணிவண்ணன் பஞ்சாயத்தில் இளவட்டங்கள் சார்பில் உட்காருகிறவன். கண்ணாயிரத்தை அனுப்பியதற்குக் காரணம், கடைசியாக அறுந்த வலை அவனுடையது. அடுத்ததாகக் கடலுக்குப் போய்ப் படம் பிடிக்கப் போகிற படகும் அவன் பங்கு வைத்திருக்கிற பைபர் படகுதான்.

சங்கதி இதுதான். விசைப்படகு கரையோரம் வந்து மடிவலை இழுக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. சட்டம் இருந்த இடத்தில் இருந்தது, படகுகள் வந்துகொண்டிருந்தன. பைபர்க்காரர்கள் ராத்திரி போட்டுவிட்டு வந்த வலைகளின் மேலேயே விடியற்காலையில் இழுத்துக்கொண்டு போயின. முறையிடப் போனால் மீன்துறை ஆபீஸில் படகின் நம்பர் கேட்டார்கள். நம்பரைச் சொன்னால், நீ சொன்னால் ஆயிற்றா, படம் கொண்டு வா என்றார்கள்.

கடைக்காரர் ஆரோக்கியராஜ் இரண்டையும் கண்ணாடி மேசை மேல் வைத்தார். சின்னது சோப்புப் பெட்டி அளவு இருந்தது. சட்டைப் பைக்குள் போடலாம், பாலிதீன் பையில் சுற்றினால் தண்ணீர் படாது. ஆனால் தூரத்தில் இருப்பதை இழுத்துக் காட்டாது, கிட்டப் போக வேண்டும். பெரியது அண்ணாமலை நகரில் படித்துவிட்டுப் போன ஒரு பையன் விற்றுவிட்டுப் போனது. தனியாக மாட்டுகிற நீளமான லென்ஸ். முழங்கையிலிருந்து விரல் வரைக்கும் வரும் போலிருந்தது.

உப்புக் காற்றில் இந்தப் பெரியது ஒரு மாசம் தாங்காது என்று கண்ணாயிரம் சொல்லிப் பார்த்தான். அது உண்மைதான். படகு ஆடுகிற ஆட்டத்தில் இவ்வளவு நீளத்தைக் கையில் பிடிக்க முடியாது என்றான். அதுவும் உண்மைதான். ஆனால் உண்மையைச் சொல்கிறவன் குரல் ஏன் அப்படிக் கம்முகிறது என்று மணிவண்ணனுக்குத் தெரியும். கண்ணாயிரத்துக்கும் தெரியும்.

"சின்னதுல மூஞ்சி தெரியாது. அதான உனக்கு வேணும்?" என்றான் மணிவண்ணன். "உன் மச்சான் மூஞ்சி."

கண்ணாயிரத்தின் தங்கை லோகநாயகியைத் துறைமுகத்துப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தது. அவள் புருஷன் பொன்னுரங்கம் ஒரு விசைப்படகில் ஸ்ராங்கு, அதாவது சக்கரம் பிடித்து ஓட்டுகிறவன். கரையோரம் அதிகம் வருவது அந்தப் படகுதான் என்று ஊரில் பேச்சு. பேச்சு வரும்போதெல்லாம் கண்ணாயிரம் எழுந்து பீடி பற்றவைக்கப் போய்விடுவான்.

ஆரோக்கியராஜ் வியாபாரம் தெரிந்தவர். வாய்ப்பேச்சை வளர்க்காமல் இருவரையும் வாசலுக்குக் கூட்டி வந்தார். தெருக்கோடியில் ஒரு டவுன் பஸ் நின்றிருந்தது. சின்னதில் எடுத்துக் காட்டினார். பஸ் தெரிந்தது, அவ்வளவுதான். பெரியதில் எடுத்துக் காட்டினார். பஸ்ஸின் நம்பர் தெரிந்தது. அதற்கு மேலே கண்ணாடிக்குப் பின்னால் டிரைவர் சுண்டு விரலை விட்டுக் காது குடைந்துகொண்டிருப்பது தெரிந்தது. காது குடைகிற சுகத்தில் அவன் ஒரு கண்ணைச் சுருக்கியிருந்தது கூடத் தெரிந்தது.

மணிவண்ணன் சிரித்தான். கண்ணாயிரத்துக்கோ, எங்கேயோ போகிறவன் அறியாமல் அவன் கண்ணைப் பிடுங்கி இங்கே கொண்டுவந்து வைத்த மாதிரி இருந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் கேமராப் பையை மணிவண்ணன் மடியிலேயே வைத்துக்கொண்டான். கொஞ்சம் கொடு, நான் வைத்துக்கொள்கிறேன் என்று கண்ணாயிரம் கேட்டதற்கு, வேணாம் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

யாருக்கும் தெரியாமல் வாங்கியது லோகநாயகிக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் மத்தியானமே வந்து நின்றாள். தண்ணீர் கொடுத்ததை வாங்கவில்லை. அண்ணி உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"ஏண்ணா, கேமரா வாங்கியாந்தியாமே" என்றாள். "எந்த நாளு போறீங்கன்னு மட்டும் சொல்லு. அன்னைக்கு அவுரு ஒடம்பு சரியில்லன்னு படுத்துக்குவாரு."

சொன்னால் ஊர் தன்னைக் கிழித்துவிடும் என்றான் கண்ணாயிரம். அவன் வரட்டும், வராமல் போகட்டும், நாளைச் சொல்லமாட்டேன். அப்படி என்ன அந்தப் படகை விட்டால் வேறு படகே இல்லையா என்றும் கேட்டான்.

லோகநாயகி குரலை உயர்த்தவே இல்லை. அவளுக்குக் கோபம் வந்தால் பேச்சு நிதானமாகிவிடும். முதலாளி அங்கே போ என்றால் போக வேண்டும், போகாதவனுக்கு அடுத்த நாள் படகு கிடையாது, உனக்குத் தெரியாதா என்றாள். நம்பர் மாட்டினால் முதலாளி பதில் சொல்வான், அதைப் பற்றித் தனக்கு ஒன்றுமில்லை. ஆள் மாட்டினால் மட்டும் கதையே வேறு.

"மூஞ்சி தெரிஞ்சிதுன்னா மொதலாளி கையக் கழுவிடுவான். நான் போகச் சொல்லல, அவனா போனான்னு சொல்லிடுவான். கூலிக்காரந்தான் மாட்டுவான். நீயும் கூலிக்காரனா இருந்தவந்தான?"

"அவன் அறுத்ததும் கூலிக்காரன் வலயத்தான்" என்றான் கண்ணாயிரம்.

அது கண்ணாயிரத்தின் வாழ்நாளில் முதல் சொந்த வலை. விவரம் தெரிந்த நாள் முதல் அடுத்தவன் படகில் ஏறி, அடுத்தவன் வலையை இழுத்தவன். சுனாமிக்குப் பிறகுதான் பைபர் படகில் ஒரு பங்கும் சொந்தமாக வலையும் வாய்த்தது. அதை இரண்டு தடவை ஒட்டுப்போட்டு, முதுகு வளைய உட்கார்ந்து முடிந்து, மறுபடி கடலில் போட்டிருந்தான். அதையும் தங்கையிடம் சொன்னான். அவள் கேட்டுக்கொண்டு, வாசல் மண்ணைக் காலால் தள்ளிவிட்டுப் போனாள்.

அந்த வாரத்திலேயே ஒரு விடியலில் கண்ணாயிரமும் மணிவண்ணனும் புறப்பட்டார்கள். கண்ணாயிரம் பின்னால் இஞ்சின் பிடியில். மணிவண்ணன் முன்னால், கேமராவைத் துண்டில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. கிழக்கு வெளுக்கும்போது பொன்னுரங்கத்தின் படகு கண்ணில் பட்டது. கரைக்கு அவ்வளவு கிட்டத்தில் விசைப்படகு வந்தால் வீட்டுக்குள் மாடு புகுந்த மாதிரி இருக்கும். முன்பக்கத்தில் நம்பர் எழுதிய இடத்தில் கோணிச்சாக்கைத் தொங்கவிட்டிருந்தார்கள்.

மணிவண்ணன் படம் எடுத்தான். எடுத்ததைப் பின்பக்கத் திரையில் பார்த்தான். மறுபடி எடுத்தான். எல்லாம் ஆடிப்போயிருந்தது. அலை ஒரு பக்கம் தூக்கினால் லென்ஸ் வானத்தைப் பார்த்தது, மறுபக்கம் இறக்கினால் தண்ணீரைப் பார்த்தது. படகு இருக்கிற இடத்தில் வெள்ளைக் கோடுதான் விழுந்தது.

"கிட்டப் போ" என்றான்.

"கிட்டப் போவ வேணான்னுதான பெருசு வாங்குன."

"மச்சானுக்குப் பயப்படுறியா, அவனுங்க எறியுற கல்லுக்குப் பயப்படுறியா?"

கண்ணாயிரம் கொஞ்சம் கிட்டப் போனான். ஆனால் படகை அலைக்குக் குறுக்கே விட்டான். குறுக்கே விட்டால் பைபர் தொட்டில் போல ஆடும். அலையை மூக்கில் வாங்குகிற மாதிரி நேராகத் திருப்பி, இஞ்சினைக் குறைத்துவிட்டால் ஆட்டம் பாதியாகும். அது மணிவண்ணனுக்கும் தெரிந்த சங்கதிதான். ஆனால் கண்ணைக் கேமராவுக்குள் விட்டவனுக்கு மற்றதெல்லாம் மறந்துபோயிருந்தது. கண்ணாயிரம் ஆடவிட்டான். இப்படியே வெயில் ஏறும் வரை ஆடவிட்டால் போதும், படம் விழவில்லை என்று கரைக்குத் திரும்பிவிடலாம். ஊரும் கேமராவைத்தான் திட்டும்.

அப்போதுதான் விசைப்படகு திரும்பியது.

கடலில் ஒவ்வொரு வலைக்கும் ஒரு கொடி உண்டு. மிதவையில் மூங்கில் கழி நட்டு, அவரவர் வீட்டுத் துணியைக் கட்டியிருப்பார்கள். எந்தத் துணி எந்த வீட்டுடையது என்று எல்லோருக்கும் தெரியும். கண்ணாயிரத்தின் கொடி மஞ்சள் சேலைத் துண்டு, அரக்குக் கரை. தலைப் பிரசவத்துக்கு வந்த லோகநாயகி விட்டுவிட்டுப் போன சேலை. அதைக் கிழித்துக் கழியில் கட்டும்போது பொன்னுரங்கமும் பக்கத்தில் இருந்தான். எம்பொண்டாட்டி சேலைய கடல்ல பறக்கவுடுறியே மச்சான் என்று கேலி பேசிக்கொண்டே ஒரு முனையைப் பிடித்துக்கொடுத்தவன் அவன்தான்.

இப்போது அந்தக் கொடி அவன் படகின் மூக்குக்கு நேரே நின்றது. ஒதுங்கிப் போக வேண்டிய மட்டும் கடல் கிடந்தது. கண்ணாயிரம் எழுந்து நின்று துண்டை எடுத்து வீசினான். சக்கரம் பிடித்திருந்தவன் அறையின் ஜன்னல் வழியே தலையை நீட்டிப் பார்த்தான். பார்த்தது நிச்சயம். பிறகு தலையை உள்ளே இழுத்துக்கொண்டான். படகு திரும்பவில்லை. மஞ்சள் கொடி ஒருமுறை சாய்ந்து, தண்ணீருக்குள் போய், பிறகு வரவே இல்லை.

கண்ணாயிரம் உட்கார்ந்தான். பிடியைத் திருப்பிப் படகின் மூக்கை அலைக்கு நேரே கொண்டுவந்தான். இஞ்சினைக் குறைத்தான். பைபர் அடங்கி நின்றது.

"இப்ப எடு" என்றான்.

காற்று கோணிச்சாக்கைத் தூக்கியது. ஜன்னலில் அந்தத் தலை மறுபடி எட்டிப் பார்த்தது. மணிவண்ணன் அழுத்திக்கொண்டே இருந்தான். விசைப்படகிலிருந்து யாரோ கல் எறிந்தார்கள், அது பாதி தூரத்தில் விழுந்தது. வந்த வேலை முடிந்ததும் இவர்கள் இரண்டு பேரும் இஞ்சினை முடுக்கிக்கொண்டு கரைக்கு வந்துவிட்டார்கள்.

படங்களைச் சிதம்பரத்துக்கே கொண்டுபோய்ப் பிரிண்டு போட்டு வந்தார்கள். சாயங்காலம் ஊர்ப் பஞ்சாயத்து கூடியது. தலைவர் நடனசபாபதி இரண்டு படங்களைப் பொறுக்கி எடுத்து விரிப்பில் வைத்தார். ஒன்றில் சாக்கு தூக்கியிருந்தது, நம்பர் சுத்தமாக இருந்தது. இன்னொன்றில் நம்பரும் இருந்தது, அதற்கு மேலே ஜன்னலில் பொன்னுரங்கத்தின் முகமும் இருந்தது. மீசையில் நரைத்தது கூடத் தெரிந்தது. படம் பிடிக்கிறவர்களைப் பார்த்த முகம் அது. பயந்த முகமா, வீம்பு பிடித்த முகமா என்று அவ்வளவு பெரிய கேமராவாலும் சொல்ல முடியவில்லை.

நம்பர் தெரிகிற படம் ஆபீஸுக்குப் போகட்டும் என்று தலைவர் சொன்னார். மூஞ்சி தெரிகிறதையும் கொடுப்பதா வேண்டாமா என்று பேச்சு வந்தது. அவர் நியாயம் தெரிந்த மனிதர். வலையும் கண்ணாயிரத்தோடது, மச்சானும் கண்ணாயிரத்தோட மச்சான், அவனே சொல்லட்டும் என்றுவிட்டார்.

கண்ணாயிரத்துக்கு லோகநாயகி சொன்னது காதில் இருந்தது. நம்பர் போதும் என்று வாயைத் திறக்கப் போனான். நம்பர் ஒன்றே முதலாளியைப் பிடிக்கும். அதற்குள் மணிவண்ணன் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தான்.

"கேக்கணுமா? நம்பரு போதும்பாரு. கடையிலயே சின்னது போதும்னவரு ஆச்சே."

கூட்டமும் சிரித்தது. கண்ணாயிரத்தின் கண்ணுக்குள் மஞ்சள் கொடி சாய்ந்தது. ஜன்னலில் நீண்ட தலை உள்ளே போனது.

"ரெண்டயும் குடுங்க" என்றான்.

அப்புறம் நடந்தது லோகநாயகி சொன்னபடிதான், ஒரு சொல் மாறவில்லை. ஆபீஸில் முதலாளியைக் கூப்பிட்டுப் படங்களைக் காட்டினார்கள். அவர் நம்பர் படத்தைத் தள்ளிவைத்துவிட்டு மூஞ்சி தெரிகிற படத்தைக் கையில் எடுத்தாராம். கரைப்பக்கம் போகாதே என்று தலையில் அடித்துக்கொண்டேன், இவன்தான் என் பேச்சைக் கேட்காமல் போயிருக்கிறான், இதோ பாருங்கள் என்று சொன்னாராம். அபராதம் கட்டினார். பொன்னுரங்கத்தை இறக்கிவிட்டார். படத்தில் விழுந்த ஸ்ராங்கை ஏற்றிக்கொள்ளத் துறைமுகத்தில் வேறு எந்த முதலாளியும் தயாராக இல்லை. அவன் பண்ருட்டிக்குப் போய் லாரியில் பலாப்பழம் ஏற்றி இறக்குகிறான் என்று கேள்வி.

படகு நிற்கவில்லை. வேறொரு ஸ்ராங்கு வந்தான். கோணிச்சாக்கு பறக்கிறது என்று தகரத்தை வைத்து ஆணி அடித்துவிட்டார்கள். ஊர்க்காரர்கள் படம் பிடிக்க மறுபடி கிளம்பியபோது பெரிய கேமராவின் லென்ஸ் திரும்பவே இல்லை. உள்ளே உப்புப் பூத்துப்போயிருந்தது. அன்னைக்கே சின்னதா வாங்கியிருக்கணும் என்று மணிவண்ணன் கூசாமல் சொன்னான். கண்ணாயிரத்துக்குச் சண்டை போடவும் தெம்பில்லை.

மிச்சம் கிடந்த வலையை மறுபடி முடிந்து அவன் கடலுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தான். மாசக் கடைசியில் ஒரு காலையில் கரையேறி மீனைக் கொட்டிவிட்டு நிமிர்ந்தபோது, கூடைக்காரப் பெண்கள் நடுவில் லோகநாயகி நின்றிருந்தாள். தலையில் சும்மாடு, இடுப்பில் புதுக்கூடை. அவள் இதற்கு முன் கூடை தூக்கியதில்லை. தூக்கவிடாமல் வைத்திருந்தான் பொன்னுரங்கம்.

மற்றவர்கள் சற்று விலகிக்கொண்டார்கள். இரண்டு பேருக்கும் நடுவில் சங்கராவும் காரப்பொடி மீனும் துள்ளிக்கொண்டிருந்தன. கண்ணாயிரம் பேர் சொல்லிக் கூப்பிடப் போனான். அவள் குனிந்து ஒரு மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தாள். பார்த்துவிட்டு, முன்பின் தெரியாத ஆளிடம் கேட்கிற குரலில் கேட்டாள்.

"ஏங்க, இது என்னா வெலங்க?"

நீயே எடுத்துக்கொண்டு போ என்று சொல்ல நாக்கு வரை வந்தது. சொன்னால் கூடையைக் கவிழ்த்துவிட்டுப் போய்விடுவாள். அவனுக்கு அவளைத் தெரியும். அவன் விலையைச் சொன்னான். ஜாஸ்திங்க என்றாள். குறைத்தான். இன்னும் குறைக்கச் சொன்னாள். கூட்டத்தில் யாருக்கும் கொடுக்காத விலைக்கு இறங்கியதும் நிமிர்ந்து அவன் முகத்தை முதல் தடவையாகப் பார்த்தாள்.

"எல்லாருக்கும் சொல்ற வெலய சொல்லுங்க" என்றாள்.

அவன் எல்லோருக்கும் சொல்கிற விலையைச் சொன்னான். அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து எண்ணிக் கொடுத்துவிட்டு, கூடையைத் தூக்கிவிட வேறொரு பெண்ணைக் கூப்பிட்டாள்.